படல் இல்லாத தோட்ட வாசலில் மாடு வெளியேறினால்: குழாய்த் தடுப்பின் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் முறையும்

வாசலின் குறுக்கே குழி வெட்டி, அதன்மேல் இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்து, வண்டி மட்டும் கடக்கும்படி அமைக்கும் தடுப்பைக் கல்லூரி வளாகங்களிலும் மருத்துவமனை வாசல்களிலும் பலர் பார்த்திருப்பீர்கள். கட்டுமான வரைபடங்களில் இதைக் ‘கேட்டில் டிராப்’ என்று குறிப்பார்கள். நான் இங்கே குழாய்த் தடுப்பு என்றே எழுதுகிறேன்.

எங்கள் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும். பால் வண்டி காலையும் மாலையும் வரும், கோடையில் தண்ணீர் லாரியும் வரும். வந்தவர்களில் யாராவது ஒருவர் வாசல் தட்டியான படலைச் சாத்த மறந்தாலும் அன்று மாலை எங்கள் மாடுகள் பக்கத்துத் தோட்டத்து மக்காச்சோளத்துக்குள் நிற்கும். அந்தத் தொல்லைக்காகத்தான் படலை எடுத்துவிட்டுக் குழாய்த் தடுப்பு போட்டோம். போட்ட பிறகு அதில் என்னென்ன கோளாறு வரும் என்பதை ஒவ்வொன்றாகப் பட்டே தெரிந்துகொண்டோம். உங்கள் வாசலில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் எல்லோரும் படித்துவிட வேண்டுகிறேன்.

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் அது தன்னைச் சுற்றி ஏறத்தாழ 330 பாகை அளவுக்குப் பார்க்கிறது. ஆனால் இரண்டு கண்களாலும் ஒருசேரப் பார்க்கும் பரப்பு முன்பக்கம் சிறிதளவே உள்ளது. எனவே காலடியில் உள்ள பள்ளத்தின் ஆழத்தை அறிய வேண்டுமானால் அது நின்று, தலையைத் தாழ்த்தி உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. தடுப்பின் முன் வந்து நிற்கும் மாடு வெளிச்சமான குழாயும் இருண்ட பள்ளமும் மாறி மாறி வருவதைக் காண்கிறது. முன்னங்காலை வைத்துப் பார்த்தால் உருளையான குழாயில் குளம்பு நிற்க மறுக்கிறது. அது திரும்பிப் போவது இந்த இரண்டு காரணங்களால்தான். தடுப்பு வேலை செய்யாமல் போனால், கண்ணுக்குத் தெரிந்த பள்ளம் மறைந்திருக்கிறதா, அல்லது காலுக்குப் பிடிமானம் கிடைத்துவிட்டதா என்ற இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். வண்டி செல்லும் திசையில் தடுப்பின் நீளம் குறைந்தது 8 அடி இருக்க வேண்டும். குழாயின் வெளி விட்டம் 60 முதல் 76 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். கடையில் இரண்டரை அங்குலக் குழாய் என்று கேட்டால் கிடைப்பது வெளி அளவில் 76 மில்லிமீட்டர். இரண்டு குழாய்களுக்கு நடுவே 10 முதல் 12 சென்டிமீட்டர் இடைவெளியும், குழியில் ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழமும் வேண்டும். குழாயில் சிவப்புப் பட்டை உள்ள கனத்த வகையையே வாங்குங்கள். மஞ்சள் பட்டை உள்ளது மெல்லிய வகை, நீலம் நடுத்தரம்.

மாடு தடுப்பின்மேல் நிதானமாக நடந்து கடக்கிறது

இதுதான் அதிகமாக வரும் புகார். பெரும்பாலும் இதற்குக் காரணம் குழியில் சேர்ந்த மண். ஒவ்வொரு வண்டியும் சக்கரத்தில் கொஞ்சம் மண்ணைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதையின் வண்டல் நேராகக் குழிக்குள் இறங்குகிறது. பக்கத்தில் வேப்பமரம் இருந்தால் சருகும் சேர்ந்துகொள்கிறது. ஒரு நாள் காலை எங்கள் மயிலைக் கிடாரி தடுப்பில் கால் வைப்பதை அருகில் நின்று பார்த்தேன். முன்னங்காலை இரண்டு குழாய்களுக்கு நடுவே இறக்கியது. குளம்பு குழாயின் அடிமட்டத்தைத் தாண்டி ஒரு சாண்கூட இறங்கவில்லை. அங்கேயே மண்ணில் ஊன்றி நின்றது. பிறகு அடுத்த காலையும் அதே போல நடுவில் இறக்கி, சேற்றில் நடப்பதுபோல ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து எட்டடியையும் கடந்துவிட்டது. மேலிருந்து பார்த்தபோது எங்கள் கண்ணுக்குக் குழி குழியாகத்தான் தெரிந்தது. அன்று அதைத் தூர்வாரியபோது பதினேழு கூடை மண் வந்தது.

ஒரு நேரான குச்சியைக் குழாய்களுக்கு நடுவே விட்டு, குழாயின் மேல்மட்டத்திலிருந்து மண் வரை அளந்து பாருங்கள். ஓர் அடிக்குக் குறைவாக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை, தூர்வாருங்கள். குழாய்களை ஒரே சட்டமாக அசையாமல் கான்கிரீட்டில் புதைத்திருந்தால் தூர்வாருவது பெரும்பாடு. எனவே புதிதாகப் போடுபவர்கள் சட்டத்தை மூன்று துண்டுகளாகச் செய்து, இரண்டு ஆள் கடப்பாரையால் நெம்பித் தூக்கும் அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். தூர்வாரிய பிறகு மண் மறுபடி சேராமல் இருக்க, தடுப்புக்கு இரு பக்கமும் பாதையைக் கொஞ்சம் மேடாக்கி, மழைநீர் தடுப்பை அடையும் முன்பே ஓரமாகத் திரும்பும்படி சரிவு கொடுத்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும். இந்த மேட்டைச் செம்மண்ணால் போடாமல் ஜல்லி கலந்து கெட்டிப்படுத்துங்கள்.

குழி ஆழமாக இருந்தும் மாடு நடந்தால் குழாய்க்குக் கீழே பாருங்கள். குழாய்களைத் தாங்கும் குறுக்கு இரும்பு அல்லது கான்கிரீட் சுவரின் மேற்பரப்பு குழாயின் அடியை ஒட்டியே ஓர் அகலமான மேடையாக இருந்தால், மாடு அந்த மேடைமீது வரிசையாகக் கால் வைத்து நடக்கக் கற்றுக்கொள்ளும். எந்தக் கோட்டில் குளம்புத் தடமும் சாணமும் இருக்கிறது என்று பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். தாங்கு சுவரின் மேற்பகுதியைச் சாய்த்துக் கூரை முகடுபோலப் பூசிவிடுவதே எளிய திருத்தம். இரும்புத் தாங்கி என்றால் அதன்மேல் ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) ஒன்றைக் கவிழ்த்துப் பற்றவைக்கலாம்.

சிலர் செலவைக் குறைக்க உருளைக் குழாய்க்குப் பதிலாக அகலமான பட்டை இரும்பையோ சேனலையோ படுக்கவைத்துப் பதிக்கிறார்கள். தட்டையான இரும்பு மாட்டுக்குப் படிக்கட்டு மாதிரி. அதை வெட்டி எடுத்துவிட்டுக் குழாய் போடுவதைத் தவிர நல்ல மாற்று இல்லை. தண்டவாளம் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போடலாம், பாரத்தைக் குழாயைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் என்பதால், ஏலத்தில் வாங்கியதற்கான ரசீது கையில் இல்லாத பழைய இரும்பை எந்த வியாபாரியிடமும் வாங்க வேண்டாம்.

மாடு தாண்டிக் குதிக்கிறது

நீளத்தை அளந்து பாருங்கள். ஆறு அடித் தடுப்பை ஓர் இளங்காளை நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடும். எட்டு அடி இருந்தும் குதிக்கிறது என்றால், அது ஓடிவர இடம் இருக்கிறது என்று பொருள். வாசலுக்கு நேராக உள்ளே நீண்ட பாதை இருந்து, அது வாசலை நோக்கி இறக்கமாகவும் இருந்தால், நாய் துரத்தும்போது ஓடிவரும் மாடு தடுப்பைக் காணும் முன்பே பாய்ந்துவிடும். உள்பக்கம் பதினைந்து அடி தூரத்தில் இரண்டு கல்தூண்களை நட்டோ பாதையைச் சிறிது வளைத்தோ அந்த ஓட்டத்தை உடைத்துவிட்டால் மாடு நடையில்தான் வந்து சேரும். நடையில் வரும் மாடு நின்று பார்க்கும், பார்த்தால் திரும்பும். அதற்கும் அடங்காத காளைக்காக நீளத்தைப் பத்து அல்லது பன்னிரண்டு அடியாக்குவது செலவு அதிகமானாலும் உறுதியான வழி.

சித்திரை, வைகாசியில் கொறங்காட்டுப் புல் தீர்ந்துபோய், வெளியே பச்சைப் பயிர் நிற்கும் நாட்களில் எந்தத் தடுப்பும் சோதிக்கப்படும். அந்த இரண்டு மாதங்கள் தீவனத் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் வாசலுக்கு எதிர்மூலையில் வையுங்கள். பசித்த மாட்டை இரும்பால் மட்டும் நிறுத்திவிட முடியாது. வயிற்றுக்குப் போட வேண்டியதைப் போட்ட பிறகுதான் தடுப்பின்மேல் குறை சொல்லலாம்.

தடுப்பை மிதிக்கவே இல்லை, ஆனாலும் வெளியே நிற்கிறது

ஓரத்தைப் பாருங்கள். குழாய் முடியும் இடத்துக்கும் வேலி தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒன்றரை அடி விளிம்புச் சுவர் விட்டிருப்பார்கள். அதன்மேல் ஒரு மாடு உடலைச் சாய்த்துக்கொண்டு போய்விடும். கன்றுக்கு அரை அடியே போதும். விளிம்புச் சுவரின்மேல், தடுப்பின் முழு நீளத்துக்கும், நான்கடி உயரத்தில் சாய்வான சிறகுபோல ஒரு கம்பிச் சட்டம் நட்டு, அதை இரு முனையிலும் வேலியோடு இடைவெளியின்றிப் பிணைக்க வேண்டும். சட்டத்தின் அடிப்பகுதி குழாய்ப் பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஓரத்தில் கால் வைக்க இடமே இராது. கிளுவை வேலி இருக்கும் தோட்டங்களில் வாசல் ஓரத்துக் கிளுவைதான் முதலில் காய்கிறது. வண்டி உரசுவதும் வேர் குழிச்சுவரில் முட்டுவதும் காரணம். அங்கே போத்து (வெட்டிய கிளை) நட்டுக் காத்திருக்காமல் கல்தூணும் கம்பியும் போட்டுவிடுங்கள்.

ஆடுகள் கடந்துவிடுகின்றன

வெள்ளாட்டை நம்பிக் குழாய்த் தடுப்பு போட வேண்டாம். கன்னி ஆடோ கொடி ஆடோ குழாயின்மேலேயே அடி வைத்து நடந்துவிடும். மரக்கிளையில் ஏறி நின்று தழை தின்னும் பிராணிக்கு மூன்று அங்குலக் குழாய் பெரிய பாதை. செம்மறி இந்த அளவுக்குத் துணியாது. ஆனால் இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள மார்ஸ்டன் என்ற ஊரில், 2004ஆம் ஆண்டு செம்மறிகள் தடுப்பின்மேல் படுத்து உருண்டே மறுபக்கம் போய் ஊர்த் தோட்டங்களை மேய்ந்தது செய்தியானது. ஒரு ஆடு வழி கண்டுபிடித்துவிட்டால் மற்றவை அதைப் பார்த்துப் பின்தொடரும். எனவே தாண்டக் கற்ற ஆட்டை அன்றே மந்தையிலிருந்து பிரித்துப் பட்டியில் அடைப்பதுதான் முதல் வேலை. ஆடும் மாடும் சேர்ந்து மேயும் தோட்டத்தில் தடுப்பை மாட்டுக்காக வைத்துக்கொண்டு, ஆடு மேயும் நேரத்தில் ஒரு மூங்கில் தட்டியைச் சாத்துவதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கன்றின் கால் சிக்கிக்கொள்கிறது

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிறந்து இருபது நாளான கன்று, தாய்ப்பசு உள்ளே மேய்ந்துகொண்டிருக்கையில் துள்ளி ஓடி வந்து தடுப்பில் விழுந்தது. வலது முன்னங்கால் முழங்காலுக்கு மேல்வரை இறங்கி, குழாய்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. நான் ஓடிப்போய் மார்பைக் கட்டிப்பிடித்து மேலே இழுத்தேன். அது மிரண்டு உதறியதில் குழாயின் வெல்டிங் பிசிறு தோலைக் கிழித்துவிட்டது. அன்று நான் செய்தது தவறு. பட்டறையில் செய்தவர் பிசிறை ராவாமல் விட்டதையும் நான் கவனிக்காமல் வாங்கிப் பதித்ததும் தவறு.

சரியான முறை இது. முதலில் நாயையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் அப்புறப்படுத்துங்கள். தாய்ப்பசுவைக் கன்று பார்க்கும் தூரத்தில், ஆனால் எட்டாத இடத்தில் கட்டுங்கள். கன்றின் கண்ணை நனைத்த துணியால் மூடி, உடலை ஒருவர் முழுதாகத் தாங்கிக்கொண்டால் காலின்மேல் பாரம் குறையும். சிக்கிய காலைச் சுற்றிச் சமையல் எண்ணெய் தாராளமாக ஊற்றி, கீழிருந்து குளம்பைப் பிடித்து முழங்காலை இயற்கையாக மடியும் பக்கம் மடக்கி, இறங்கிய வழியிலேயே மேலே கொண்டுவர வேண்டும். கயிறு கட்டி இழுக்கக் கூடாது. வராவிட்டால், இடைவெளிக்குள் நுழையும் சிறிய கார் ஜாக்கியைப் படுக்கவைத்து, காலுக்கு ஒரு சாண் தள்ளிக் குழாய்களை மெல்ல விரிக்கலாம். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இரும்பு அறுக்கும் வாளைப் பயன்படுத்துங்கள். கேஸ் கட்டிங் செய்தால் இரும்பின் சூடு காலுக்குப் பரவும். வெளியே எடுத்த பிறகு கன்று அந்தக் காலை ஊன்றவில்லை என்றாலோ வீக்கம் கூடினாலோ 1962 என்ற எண்ணுக்கு அழைத்துக் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழையுங்கள். நீங்களாகவே மூங்கில் தப்பை கட்ட வேண்டாம்.

மறுபடி நிகழாமல் இருக்க இடைவெளியை அளக்க வேண்டும். 12 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குழாயை நெருக்குங்கள். நெருக்கம் 8 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் பெரிய மாடுகள் நடக்கத் தொடங்கிவிடும் என்பதால் கன்றுக்காக அதற்கு மேலும் குறைக்க முடியாது. ஆகவே மூன்று மாதம் வரை கன்றைத் தடுப்புள்ள மேய்ச்சல் நிலத்தில் அவிழ்த்துவிடாமல் தனிப் பட்டியில் வைத்திருப்பதே எங்கள் வழக்கமாகிவிட்டது. குதிரை வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மிரண்ட குதிரை தடுப்பை மதிக்காமல் பாயும், அதன் கால் எலும்பு முறிந்தால் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. குதிரை இருக்கும் இடத்துக்குத் தடுப்பு மட்டும் போதாது, கதவும் வேண்டும்.

வண்டி ஏறும்போது சத்தமும் ஆட்டமும்

பால் வண்டி ஏறும்போது ‘கடகட’வென்று கேட்டால் எங்கோ ஒரு குழாய் பற்றவைப்பு விட்டிருக்கிறது. ஒருவர் வண்டியை மெல்ல ஏற்ற, இன்னொருவர் பக்கவாட்டில் குனிந்து எந்தக் குழாய் எழும்பி விழுகிறது என்று பார்த்துச் சுண்ணாம்பால் குறியிடுங்கள். விட்ட குழாய் சுழலும். சுழலும் குழாய் மாட்டை இன்னும் நன்றாக மிரட்டும் என்று சிலர் அதை அப்படியே விடுகிறார்கள், ஆனால் சக்கரம் அதைப் பிடுங்கி எறியும் நாள் தொலைவில் இல்லை. குழாய் நடுவே வளைந்திருந்தால் கோளாறு தாங்கிகளுக்கு இடையிலுள்ள தூரத்தில்தான். மணல் ஏற்றிய டிப்பர் லாரியின் பின் அச்சில் மட்டும் 10 டன்னுக்கு மேல் பாரம் இறங்கும்; அத்தகைய வண்டி வருமானால் சக்கரத் தடத்துக்குக் கீழே ஒன்றரை அடிக்கு ஒரு தாங்கி வேண்டும், வடிவமைப்பைக் கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிக்கொள்ளவும் வேண்டும். டிராக்டரும் பால் வண்டியும் மட்டும் வரும் வாசலுக்கு இவ்வளவு தேவையில்லை.

குழியில் தண்ணீர் நிற்கிறது

நான்கு அங்குல பிவிசி குழாயைக் குழியின் தாழ்ந்த மூலையிலிருந்து சரிவாக வெளியே கொண்டுபோய், வாயில் சல்லடை வைத்துவிடுங்கள். சமதள நிலத்தில் வெளியேற்ற வழி இல்லையென்றால் குழிக்கு அடியில் ஜல்லி நிரப்பிய உறிஞ்சு குழி ஒன்று போதும். வெயிலில் மின்னும் தேங்கிய நீர் பள்ளத்தின் இருளைக் குறைத்துவிடும், கொசுவும் பெருகும்.

கூடவே, குழிக்குள் விழும் தவளை, ஓணான், முள்ளெலி போன்றவை ஏறி வர ஒரு மூலையில் சாய்வான பலகைக்கல் வையுங்கள். பிரிட்டனில் ஏட்ரியன் கோல்ஸ் என்பவர் இத்தகைய தடுப்பில் சிக்கிய முள்ளெலியைக் கண்ட பிறகுதான் 1982இல் முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அங்கே இந்தச் சாய்தளத்தை முக்கியமாகக் கருதுகிறார்கள். நமக்கு ஒரு கல் வைக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

வண்ணக் கோடு போட்டும் பயனில்லை

குழி வெட்டாமல், சாலையில் வெள்ளைக் கோடுகளை மட்டும் குறுக்கே தீட்டி மாட்டை ஏமாற்றுவது அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் செய்யப்படுவதுதான். உண்மையான தடுப்பைப் பார்த்துப் பழகிய மாடு அதை மதிக்கும். ஒரு மாடு துணிந்து கால் வைத்து ஏதும் ஆகவில்லை என்று கண்டுகொண்ட அன்றோடு அந்த வித்தை முடிந்தது. இதைச் சரிசெய்ய முயன்று சாயம் வாங்காதீர்கள்.

மின்கம்பித் திரை தொங்கவிட்டும் மாடு நுழைகிறது

வாசலுக்கு மேலே ஒரு கம்பியைக் கட்டி, அதிலிருந்து மெல்லிய கம்பிகளைத் தொங்கவிட்டு, மின்வேலிக் கருவியோடு இணைக்கும் முறையில் பெரும்பாலும் கோளாறு நில இணைப்பில் (எர்த்) தான் இருக்கும். கோடையில் வறண்ட மண் மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லாது. நிலத்தில் அறைந்த கம்பியைச் சுற்றி ஈரம் வைத்து, ஒன்றுக்குப் பதில் மூன்று கம்பிகள் அறையுங்கள். எந்த நிலையிலும் வீட்டு மின்சாரத்தையோ மோட்டார் இணைப்பையோ நேராக வேலியில் கொடுக்காதீர்கள். மின்வேலிக் கருவி கண் இமைக்கும் நேரத் துடிப்பாக மட்டுமே அதிர்ச்சி தரும். நேர் மின்சாரம் மாட்டையும் கொல்லும், இரவில் தண்ணீர் பாய்ச்ச வரும் மனிதரையும் கொல்லும். அது சட்டப்படியும் குற்றம்.

மாட்டை நாமே ஓட்டிப் போகும்போதும் கடக்க மறுக்கிறது

இது தடுப்பின் கோளாறு அன்று. தடுப்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. குழாய்களின்மேல் பலகை போட்டு மாட்டை நடத்திப் பழக்காதீர்கள். பலகை இல்லாத நாளிலும் அது நம்பிக்கையோடு கால் வைக்கும். பக்கத்தில் எட்டடி அகலத்தில் ஒரு படல் போட்டு, சந்தைக்கோ சினை ஊசிக்கோ மாட்டைக் கொண்டுபோகும்போது மட்டும் திறந்து, உடனே கட்டிவிடுங்கள்.

மனிதர்களுக்கும் தனி வழி வேண்டும். மழையில் நனைந்த குழாயில் செருப்பு வழுக்கும், கைத்தடி நடுவே இறங்கிவிடும். படலுக்கு அடுத்தாற்போல இரண்டு கல்தூண்களை ஒன்றரை அடி இடைவெளியில் நட்டு, அவற்றுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நடுவில் மூன்றாவது தூணை நட்டு, பக்கங்களை வேலியோடு சேர்த்தால், மனிதர் உடலைத் திருப்பி நுழைந்துவிடலாம். நீண்ட உடல்கொண்ட மாட்டால் அந்த வளைவில் திரும்ப இயலாது. எங்கள் வீட்டு அப்பத்தா எண்பது வயதில் இந்த வழியாகத்தான் தினமும் பால் சொம்போடு வந்து போகிறார். தூணின் உள்விளிம்பை மட்டும் கொத்தி மழமழப்பாக்கிக் கொடுங்கள். சேலை முந்தானை மாட்டாமல் இருக்கும்.